"புரியலியே சாரே": கடவுளை நம்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் 20 வருஷத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதபாடமும் என் தலையில்தான். போதகர் இல்லை, இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நான் "சார்". கூட்டத்தில் "கேள்வி இருக்கா?" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து கட்டன்சாயா குடித்துவிட்டு முற்றத்தில் செருப்பு மாட்டும்போதுதான் மெல்லப் பக்கத்தில் வந்து கேட்பார்கள். ஒரே சந்தேகம் பத்துப் பேர் வாயிலிருந்து வந்ததால் எழுதி வைத்தேன். கேள்வி அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கிறது. பதிலில் தப்பிருந்தால் அது என்னுடையது.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்"னு நீதிமொழிகள் 3:5 சொல்லுது. அப்போ மூளையைக் கழற்றி வீட்டுல வச்சிட்டா கோயிலுக்கு வரணும்?

வேண்டாம், கொண்டே வாங்க. அந்த வசனத்தில் கவனிக்க வேண்டிய சொல் "சாயாமல்". எபிரெயத்தில் அது உடம்பின் பாரத்தை ஒன்றின்மேல் போட்டு நிற்பதைக் குறிக்கும். போரில் தோற்று கில்போவா மலையில் சவுல் ராஜா தன் ஈட்டியின்மேல் சாய்ந்து நின்றான் என்று 2 சாமுவேல் 1:6 சொல்லும்போதும் அதே சொல்தான். ஈட்டி கையில் இருந்ததில் தப்பில்லை, ஆனால் அன்றைக்கு அது அவனைத் தாங்கவில்லை.

குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம் இல்லையா, கம்பு நல்ல கம்பாகவே இருக்கும், ஆனால் ஊன்றிய மண் மழையில் இளகிவிட்டால் கம்பும் வாழையும் சேர்ந்தே விழும். புத்தியே வேண்டாம் என்பதுதான் கருத்தென்றால் அடுத்த அதிகாரத்திலேயே "ஞானத்தைச் சம்பாதி, புத்தியையும் சம்பாதி" என்று அதே புத்தகம் சொல்லாது.

விசுவாசம், நம்பிக்கை ரெண்டும் ஒண்ணுதானே? எங்க பங்குல ஒரு மாதிரி சொல்றாங்க, உங்க சபையில வேற மாதிரி.

இது கல்யாணமாகி சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்துக்கு வந்த ஒரு கத்தோலிக்கப் பெண் கேட்டது, நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் வராத வீடு குறைவு. நாங்கள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று இருக்கும். கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995ஆம் வருஷத்துத் திருவிவிலியத்தில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அதாவது நாங்கள் விசுவாசம் என்பது உங்களுக்கு நம்பிக்கை, நாங்கள் நம்பிக்கை என்பது உங்களுக்கு எதிர்நோக்கு. சண்டை ஒன்றும் இல்லை.

எனக்கென்னவோ "நம்பிக்கை" என்ற சொல் ஒரு விஷயத்தில் நல்ல சொல்லாகப் படுகிறது. "அவன் நம்பிக்கையான ஆள்" என்று ஒருவரைப் பற்றித்தான் சொல்வோம், ஒரு கொள்கையைப் பற்றிச் சொல்ல மாட்டோம். கீழே வருகிற பதில்களுக்கு எல்லாம் அடியில் கிடப்பது இதுதான். கடவுள் செய்வது எல்லாம் விளங்கிவிட்டது என்று யாரும் நம்புவதில்லை, அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துதான் நம்புகிறோம்.

கேள்வி கேட்டா பாவமா சாரே? சந்தேகம் வந்தா விசுவாசம் போச்சுன்னு அர்த்தமா?

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டது தாவீது (சங்கீதம் 13). ஆபகூக்கின் புத்தகமே புகாரில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்காக வந்த ஒரு தகப்பன் இயேசுவிடம் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார் (மாற்கு 9:24), இயேசு அவரை முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்குகிறார்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமாவை நாம் "சந்தேகத் தோமா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்தத் தோமா வந்து நிறுவியதென்று பாரம்பரியமாகச் சொல்லப்படும் திருவிதாங்கோடு அரப்பள்ளி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சந்தேகப்பட்டவர் தேறாதவர் என்றால் அவர் பெயரில் இந்தப் பக்கம் இத்தனை கோயில்கள் எதற்கு?

கஷ்டம் வந்தா அது நாம செஞ்ச பாவத்துக்குத்தானே? எங்க மாமி அப்படித்தான் சொல்றாங்க.

மாமியிடம் லூக்கா 13ஐ வாசித்துக் காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்கிறார். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

குடித்துக் குடித்து ஈரல் போவது, இரவு வேகமாகப் போய் விழுவது, இதெல்லாம் செய்ததற்கு வந்தது என்று சொல்லலாம், தப்பில்லை. அதை எடுத்து எல்லாருக்கும் சூத்திரமாக்கும்போதுதான் அடுத்தவன் காயத்தில் மிளகாய் தேய்க்கிறோம். ஒரு தப்பும் செய்யாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவிடம் அவன் நண்பர்கள் செய்தது இதுதான். கடைசியில் கடவுள் கோபப்படுவது கேள்வி கேட்ட யோபுமேல் இல்லை, கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மேல் (யோபு 42:7). இந்த ஒரு வசனத்துக்காகவே நான் வாயை அடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுசாக வரவில்லை.

சரி, 2004 சுனாமி? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கடவுள் அன்னைக்கு எங்க போயிருந்தார்?

ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியாது. இதைவிட நீளமான பதில் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

எப்படி வந்தது என்று தெரியும். சுமத்ரா பக்கத்தில் கடலடியில் நிலத்தட்டு நழுவியது, சில மணி நேரத்தில் அலை கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரையை அடித்தது. மணக்குடிப் பாலத்தின் துண்டுகள் பிய்ந்து காயலுக்குள் போய்க் கிடந்ததைப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த வாரமே எங்கள் பக்கம் ஒருவர், கடற்கரைக்காரர்களின் பாவம்தான் காரணம் என்று மேடையில் பேசினார். அன்றைக்கு முன் வரிசையில் இருந்த நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

யோபு கேட்ட "ஏன்"களுக்கு 38ஆம் அதிகாரத்தில் கடவுள் பதில் சொல்வார் என்று பார்த்தால், "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று அவர் கேள்விகளாக அடுக்குகிறார். கணக்குப் புத்தகத்தில் விடை கடைசிப் பக்கத்திலாவது இருக்கும், யோபுவில் அங்கேயும் இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் என்ன நடந்தது என்று வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவே இல்லை. ஆனால் கடவுள் வந்தார், பேசினார். யோபுவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அவன் அதோடு அமைதியாகிறான். இது போதுமா என்று கேட்டால், ஒவ்வொரு நாள் போதும், ஒவ்வொரு நாள் போதாது.

தேவசகாயம் பிள்ளைக்கும் யோபு கதையைத்தான் சொன்னாங்களாமே? அதுல அப்படி என்ன இருக்கு?

ஆமாம், அந்தக் கதை நம் மண்ணிலேயே நடந்தது. 1741இல் கொளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் படையிலேயே பெரிய பொறுப்புக்கு வந்தார், கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அரண்மனை வேலையில் இருந்தவர் நட்டாலத்து நீலகண்டபிள்ளை. வீட்டில் மாடு சாவதும் விளைச்சல் போவதுமாக அடி மேல் அடி விழுந்து அவர் மனம் உடைந்திருந்த நேரம், டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நீலகண்டபிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

இங்கேதான் பலர் தப்பாக வாசிக்கிறார்கள். யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது, ஆகவே நமக்கும் கிடைக்கும் என்று பிரசங்கம் போகும். தேவசகாயத்துக்கு என்ன திரும்பக் கிடைத்தது? வேலை போனது, கைது, எருமையின்மேல் உட்கார்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது நம் மாவட்டம் முழுக்க மணி அடித்தது, ஆனால் அது 270 வருஷம் கழித்து. மலையில் நின்ற மனிதருக்கு இது எதுவும் தெரியாது. இரட்டிப்பு வரும் என்பதற்காக அவர் நம்பியிருந்தால் பாதி வழியிலேயே விட்டிருப்பார்.

யோபுவிலும்கூட ஆடு மாடுதான் இரட்டிப்பு. பிள்ளைகள் முன்னே பத்து, பின்னேயும் பத்து. செத்துப்போன பத்துப் பேர் திரும்பி வரவில்லை. இதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

துக்க வீட்டுல "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்லலாமா? ரோமர் 8:28 அதானே சொல்லுது?

நான் ஒருமுறை சொன்னேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து, ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. டிசம்பரில் எங்கள் சபையிலிருந்து அரிசி எடுத்துக்கொண்டு மேற்குக் கரையில் ஒரு ஊருக்குப் போனோம். ஒரு வீட்டில் புருஷனைப் பற்றித் தகவலே இல்லை. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் நன்மைக்குத்தான் அம்மா, கர்த்தர் அறிவார்" என்றேன். அந்த அம்மா அடுப்பில் பொங்கி வந்த பாலை இறக்கி வைத்தார், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், "உங்க வீட்டுல யாராவது கடலுக்குப் போயி வராம இருக்காங்களா சாரே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ சாயா குடிங்க" என்று டம்ளரை நீட்டினார். அந்தச் சாயா தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரோமர் 8ஐ முழுசாக வாசித்தேன். 28க்கு முன்னால் 22ஆம் வசனத்தில் சிருஷ்டி தவிக்கிறது, 23இல் நாம் தவிக்கிறோம், 26இல் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார். பெருமூச்சு எல்லாம் விட்டு முடித்த பிறகு பவுல் தன் வாயால் தன்னைப் போன்றவர்களுக்குச் சொன்ன வசனம் அது. பாதிக்கப்பட்டவர் சொல்லலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லக் கூடாது. செத்துப்போன லாசரு எழுந்திருக்கப் போகிறான் என்று தெரிந்தே போன இயேசு, கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள்தான்.

மருந்து சாப்பிட்டா, டாக்டர்கிட்ட போனா விசுவாசக் குறைவா?

இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் ஜெபித்தாலும் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகாதீர்கள். பவுலோடு சுற்றிய லூக்கா வைத்தியர். எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். நெய்யூரில் மிஷனரிகள் 1838இலேயே வைத்தியசாலை தொடங்கினார்கள், 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் அங்கேதான் வந்து வருஷக்கணக்கில் கத்தி பிடித்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

வானிலை எச்சரிக்கை வந்தும் "ஆண்டவர் பாத்துப்பார்" என்று வள்ளம் இறக்குவதும் இதே கணக்குதான். கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் வசனம் காட்டிச் சொன்னது யார் என்று மத்தேயு 4இல் பாருங்கள்.

புது வருஷ ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டையில எரேமியா 29:11 வந்துச்சு. வருஷமே முடிஞ்சு போச்சு, ஒண்ணும் நடக்கலியே?

"நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிற அந்த வசனம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டியிருக்கிறது, அதனால் கிண்டல் பண்ணவில்லை. ஆனால் ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கள், 10ஆம் வசனத்தில் "எழுபது வருஷம்" இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று சொல்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பெரும்பாலும் அங்கேயே செத்திருப்பார்கள், ஊர் திரும்பியது பேரப்பிள்ளைகள். அட்டையில் 11 மட்டும் அச்சடிப்பார்கள், இடம் இல்லை.

ஜெபம் பண்ணியும் கேக்கலன்னா, நமக்கு விசுவாசம் பத்தலன்னுதானே அர்த்தம்?

பவுல் தன் சரீரத்தில் குத்தின முள்ளுக்காக மூன்று முறை வேண்டினார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லையா? கெத்செமனேயில் இயேசு "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று கேட்டார், நீங்கவில்லை. கடுகளவு போதும் என்று சொன்னவரும் அவரே, ஆகவே அளவு பிரச்சனை இல்லை.

எபிரெயர் 11இல் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் இருக்கிறார்கள், வாளால் அறுப்புண்டவர்களும் இருக்கிறார்கள், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெயர், விசுவாசிகள். நம் மாவட்டத்தில் 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் உழைத்து, உடம்பு கெட்டு, 1816இல் புறப்பட்டுப் போனவர் எங்கே எப்படிச் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் இங்கே எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கோயில் வந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

பையனுக்கு கல்ஃப் வேலை வந்திருக்கு. தேவ சித்தமான்னு சீட்டுப் போட்டுப் பாக்கலாமா?

ஏஜெண்ட் உண்மையானவரா, விசா எந்த வகை, சம்பளம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஜெபித்துவிட்டுப் பாருங்கள், ஆனால் பாருங்கள். சீட்டு வேண்டாம்.

இது தப்பிக்கிற வழிதானே அங்கிள்? விளங்குற இடத்துல "கடவுள் செஞ்சார்"ங்கிறது, விளங்காத இடத்துல "மனுஷ புத்திக்கு எட்டாது"ங்கிறது. இப்படி எதை வேணாலும் நம்ப வைக்கலாமே?

இன்ஜினியரிங் படிக்கிற பையன் கேட்டது. இவ்வளவு நாளில் நான் கேட்டதிலேயே நியாயமான கேள்வி இது, இப்படித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "உன் புத்தியால யோசிக்காதே, விசுவாசத்தோட காணிக்கை போடு" என்று மனிதன் சொல்லும்போது அவன் கேட்பது கடவுள்மேல் சாய்வதை இல்லை, தன்மேல் சாய்வதை. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:21 இருக்கிறது, ஊழியக்காரருக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

உபாகமம் 29:29 மறைவானவை கர்த்தருக்கு, வெளிப்பட்டவை நமக்கு என்று பிரிக்கிறது. எல்லாமே மறைவு என்றால் உன் வாதம் ஜெயிக்கும். ஆனால் நாங்கள் நம்புவது முகமே தெரியாத ஒருவரை இல்லை. இயேசுவை வைத்துத்தான் கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறோம், அவரும் சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டு, சத்தமாகப் பதில் கிடைக்காமலே செத்தார். மூன்றாம் நாள் அவர் உயிரோடு எழுந்ததை நம்பாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. அது நடக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே ஒத்துக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 15), தப்பிக்கப் பார்க்கிறவன் இப்படிக் கழுத்தை நீட்ட மாட்டான். "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்" என்று அவர் எழுதிய காலத்தில் கண்ணாடி என்பது தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகம். புளி போட்டு விளக்கிய பித்தளைத் தாம்பாளத்தில் முகம் பார்த்திருக்கிறாயா? மூக்கு கோணும், கண் இழுக்கும், ஆனால் அம்மா பின்னால் வந்து நின்றால் அம்மா என்று தெரியும். அவன் சிரித்துவிட்டு, ஒத்துக்கொள்ளாமலேயே போனான். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான்.

எதுவுமே விளங்காம, ஜெபம் பண்ண வாய்கூட வராத நேரத்துல என்ன செய்யுறது?

சங்கீதம் 88ஐ வாசியுங்கள். 18 வசனம்தான். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே "இருள்". ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது, எல்லாம் அவரிடமே சொல்லப்படுகிறது.

என் தம்பி 41 வயதில் போனான். இரண்டு வருஷம் சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அடக்கம் முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு, வெளித் திண்ணையில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தில் அந்தச் சங்கீதத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்றிருந்தது. பாதியில் உள்ளேயிருந்து அம்மா, "லைட்டப் போட்டு வாசிலே, கண்ணு கெட்டுப்போவும்" என்றாள். எழுந்து லைட்டைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.